போனி அண்ட் க்ளைட் (1967): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படத்தை யாருக்காவது பார்க்கச் சொன்னால் மறுநாள் திரும்பி வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. "இது நிஜமா நடந்ததா?" என்பதில் ஆரம்பித்து "கொலைகாரர்களை ஏன் இவ்வளவு அழகாகக் காட்டினார்கள்?" என்பதுவரை. தெரிந்தவரை ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன். முடிவையும் பேசியிருக்கிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கதை என்ன?

1930களின் தொடக்கம். அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் கிடக்கிறது. டெக்சஸில் ஓட்டலில் பரிமாறும் வேலை பார்க்கும் போனி பார்க்கர், வெக்கையும் சலிப்புமாக இருக்கும் ஒரு நாளில் மாடி ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறாள். அவள் அம்மாவின் காரை ஒருவன் நோட்டம் விட்டுக்கொண்டிருக்கிறான். அவன்தான் க்ளைட் பாரோ, சிறையிலிருந்து புதிதாக வெளியே வந்தவன். பேச்சு கொடுக்கிறாள், கூடவே நடக்கிறாள், அவன் ஒரு கடையைக் கொள்ளையடித்துக் காட்டுகிறான், அப்படியே அவனோடு கிளம்பிவிடுகிறாள். பெட்ரோல் பங்க்கில் வேலை செய்யும் சி.டபிள்யூ. மாஸ் என்ற பையன், க்ளைடின் அண்ணன் பக், அண்ணி ப்ளான்ச் ஆகியோரும் சேர, ஐந்து பேர் கும்பலாகிறது. அப்புறம் வங்கிகள், மாநில எல்லைகள், துப்பாக்கிச் சூடு, ஓட்டம். மொத்தம் 111 நிமிடம்.

யார் எடுத்தது? யார் நடித்தது?

இயக்கம் ஆர்தர் பென். க்ளைடாக வாரன் பீட்டி, போனியாக ஃபே டனவே, பக்காக ஜீன் ஹாக்மன், ப்ளான்ச்சாக எஸ்டெல் பார்சன்ஸ், சி.டபிள்யூ.வாக மைக்கேல் ஜே. பொலார்ட். சின்ன வேடத்தில் வரும் ஜீன் வைல்டருக்கு இதுதான் முதல் படம்.

பீட்டி நடிகர் மட்டுமல்ல, தயாரிப்பாளரும் அவர்தான். திரைக்கதையை எழுதிய டேவிட் நியூமனும் ராபர்ட் பென்டனும் எஸ்குயர் பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள். பிரெஞ்சுப் புதிய அலைப் படங்களில் ஊறிப்போயிருந்த இருவரும், அந்த அலையின் இயக்குநர்களில் ஒருவரான த்ரூஃபோ இதை இயக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அது நடக்கவில்லை. இன்னொரு பிரெஞ்சு இயக்குநரான கோதாரிடமும் பேச்சு நடந்தது, அதுவும் கைகூடவில்லை. ஆனால் இப்படி ஒரு கதை இருப்பதை பீட்டியின் காதில் போட்டவரே த்ரூஃபோதான். பீட்டி அதை வாங்கிக்கொண்டு பென்னிடம் போனார். படம் முழுக்கச் சிரிப்பும் சாவும் தோளில் கைபோட்டு நடப்பதற்கு இந்தப் பிரெஞ்சு வாசனையும் ஒரு காரணம்.

இது உண்மைக் கதையா?

ஆட்கள் உண்மை, முடிவு உண்மை. நடுவில் இருப்பதில் பாதிக்கு மேல் கற்பனை.

உண்மையான க்ளைட் 1909-லும் போனி 1910-லும் டெக்சஸில் பிறந்தவர்கள். 1930 ஜனவரியில் டல்லஸின் மேற்குப் பகுதியில், தெரிந்தவர் ஒருவர் வீட்டில் சந்தித்தார்கள். ஜன்னலும் இல்லை, அம்மாவின் காரும் இல்லை. போனிக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. பதினாறு வயது நிறைவதற்கு ஆறு நாள் இருக்கும்போது நடந்த கல்யாணம் அது. அந்தக் கணவனை அவர் கடைசிவரை விவாகரத்து செய்யவே இல்லை. 1934 மே 23 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது அந்தக் கல்யாண மோதிரம் விரலில் இருந்தது. அன்று போனிக்கு 23 வயது, க்ளைடுக்கு 25.

படத்தில் சி.டபிள்யூ. மாஸ் என்று ஒருவன் வருகிறானே, அப்படி ஓர் ஆள் கிடையாது. கும்பலில் இருந்த டபிள்யூ.டி. ஜோன்ஸ், ஹென்றி மெத்வின் என்ற இரண்டு இளைஞர்களைக் கலந்து செய்த பாத்திரம் அது.

அப்படியானால் படம் எதையெல்லாம் விட்டுவிட்டது?

மூன்றைச் சொல்கிறேன். மூன்றும் தெரிந்தபின் படமே வேறு மாதிரி தெரியும்.

முதலாவது, சிறை. க்ளைட் டெக்சஸின் ஈஸ்டாம் சிறைப் பண்ணையில் இருந்தான். வயலில் அடிமாடு போல வேலை வாங்கும் இடம். அங்கே இன்னொரு கைதியால் பாலியல் கொடுமைக்கு ஆளானான், அந்தக் கைதி அங்கேயே கொல்லப்பட்டான். வயல் வேலையிலிருந்து தப்பிக்க 1932 ஜனவரியில் தன் கால்விரல்கள் இரண்டைக் கோடரியால் வெட்டவைத்துக்கொண்டான். சில நாளிலேயே, அவன் அம்மா கொடுத்திருந்த மனு பலித்து, பரோலில் விடுதலை கிடைத்தது. அதன்பிறகு வாழ்நாள் முழுக்க நொண்டி நடைதான். படத்தில் இந்த விரல் சமாச்சாரம் போகிறபோக்கில் ஒரு வசனமாக, கிட்டத்தட்ட வேடிக்கையாக வந்துபோகிறது. அந்தப் பண்ணை வரவே இல்லை. 1934 ஜனவரியில் க்ளைட் அதே பண்ணையிலிருந்து கைதிகளைத் தப்பிக்கவைத்தான். அவனுடைய ஆத்திரத்தின் வேர் வங்கியில் இல்லை, அந்த வயலில் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இரண்டாவது, போனியின் கால். 1933 ஜூனில் டெக்சஸின் வெல்லிங்டன் பக்கத்தில், பாலம் இல்லாத இடத்தில் கார் பாய்ந்து கவிழ்ந்தது. பேட்டரி அமிலம் போனியின் காலை எலும்புவரை அரித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. கடைசி ஓராண்டு அவர் ஒற்றைக்காலில் நொண்டியபடியோ க்ளைட் தூக்கிச் சுமக்கவோதான் நடமாடினார். திரையில் ஃபே டனவே மிடுக்காக நடந்துவரும் ஒவ்வொரு தடவையும் எனக்கு இது ஞாபகம் வரும்.

மூன்றாவது, பணம். அவர்கள் அடித்ததில் பெரும்பாலானவை சின்ன மளிகைக் கடைகள், பெட்ரோல் பங்க்குகள். வங்கிகள் குறைவு. இரவு தங்க இடமில்லாமல் காரிலேயே தூங்கி, ஓடைத் தண்ணீரில் குளித்து, டின்னில் அடைத்ததைத் தின்று காலம் தள்ளினார்கள்.

போனி சுருட்டு பிடிப்பாரா?

இல்லை, அவர் சிகரெட்தான். அந்தச் சுருட்டுப் புகைப்படம் விளையாட்டுக்கு எடுத்தது. 1933 ஏப்ரலில் மிசௌரியின் ஜாப்ளின் நகரில் இவர்கள் தங்கியிருந்த வீட்டைப் போலீஸ் சூழ்ந்தது. இரண்டு காவலர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டுக் கும்பல் தப்பியது. அவசரத்தில் போட்டுவிட்டுப் போன பொருள்களில் கழுவாத பிலிம் சுருளும் இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகை அதைக் கழுவிப் பார்த்தால், பம்பரில் ஒரு காலை வைத்து, வாயில் சுருட்டும் கையில் துப்பாக்கியுமாக ஒரு சின்னப் பெண்! ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். படம் நாடு முழுக்க அச்சாகியது, போனி ஒரே வாரத்தில் பிரபலமாகிவிட்டார். திரைப்படத்திலும் இவர்கள் ஓயாமல் ஒருவரையொருவர் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அது கற்பனை இல்லை.

ஃபிராங்க் ஹேமரை அவர்கள் பிடித்துவைத்து அவமானப்படுத்தியது நடந்ததா?

நடக்கவே இல்லை. ஹேமர் பணியிலிருந்து விலகியிருந்த டெக்சஸ் ரேஞ்சர், அதாவது மாநிலக் காவல் படை அதிகாரி. ஈஸ்டாம் சிறை உடைப்புக்குப் பிறகு, இவர்களைப் பிடிப்பதற்கென்றே 1934 பிப்ரவரி வாக்கில் அவரை மறுபடி அழைத்தார்கள். மூன்று மாதத்துக்கும் மேல் தடம் பிடித்து வந்தவர், இருவரையும் நேருக்கு நேர் பார்த்தது அந்தக் கடைசிக் காலையில்தான். படத்திலோ அவரைக் கட்டிப்போட்டு, போட்டோ எடுத்து, போனி முத்தம் கொடுத்து, அவர் காறித் துப்பி, பழிவாங்கும் வெறியோடு திரிகிற ஆளாக்கிவிட்டார்கள். ஹேமரின் மனைவியும் மகனும் அவதூறு வழக்குப் போட்டார்கள், 1971-ல் சமரசமாக முடிந்தது. வழக்குப் போட்டதில் எந்தத் தப்பும் இல்லை. எனக்குப் பிடித்த படம்தான், இருந்தாலும் செத்துப்போன ஒருவர் மேல் சேறு பூசியதை நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

நிஜ ப்ளான்ச்சுக்கும் மனத்தாங்கல் உண்டு. படம் தன்னை எந்நேரமும் அலறுகிற பெண்ணாக்கிவிட்டது என்று 1988-ல் சாகும்வரை வருத்தப்பட்டார். நடந்தபோது அவருக்கு 22 வயதுதான். கார்க் கண்ணாடி சிதறி ஒரு கண் பார்வை போனது, கணவனைச் சாகக் கிடந்த நிலையில் விட்டுச் சிறைக்குப் போனவர்.

இது சிரிப்புப் படமா, சோகப் படமா? குழப்பமாக இருக்கிறதே?

அந்தக் குழப்பத்தைத்தான் படம் நம்மிடம் உண்டாக்கப் பார்க்கிறது. இதை ஒரு காட்சியை வைத்துச் சொன்னால் புரியும்.

க்ளைடின் முதல் வங்கிக் கொள்ளை. துப்பாக்கியோடு உள்ளே போகிறான். வங்கி திவாலாகி மூன்று வாரம் ஆயிற்று என்கிறார் காசாளர். காசே இல்லை. க்ளைட் அவரை வெளியே இழுத்துவந்து, "நீயே அவளிடம் சொல்" என்கிறான். காரில் உட்கார்ந்திருக்கும் போனி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நாமும் சிரிக்கிறோம்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வங்கி. வெளியே காரை ஓட்டத்திலேயே வைத்திருக்க வேண்டிய சி.டபிள்யூ., பக்கத்தில் ஓர் இடம் காலியானதைப் பார்த்து, இரண்டு கார்களுக்கு நடுவே சமர்த்தாகச் சொருகி நிறுத்திவிடுகிறான். பணப்பையோடு ஓடிவந்தவர்களுக்குக் காரைக் காணோம். கண்டுபிடித்து ஏறினால் வெளியே எடுக்க முடியவில்லை. முன்னால் இடிக்கிறான், பின்னால் இடிக்கிறான். நான் முதல் தடவை பார்த்தபோது இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வயதான வங்கி ஊழியர் ஒருவர் ஓடிவந்து காரின் பக்கப் படியில் தொற்றுகிறார். க்ளைட் திரும்புகிறான், கண்ணாடி வழியே அவர் முகத்தில் சுடுகிறான். ரத்தமும் உடைந்த கண்ணாடியுமாக அந்த முகம் நமக்கு எதிரே நிற்கிறது.

அடுத்த காட்சி ஒரு தியேட்டர். கும்பல் உள்ளே ஒளிந்திருக்கிறது. திரையில் பணத்தில் புரள்வதாகப் பெண்கள் ஆடிப் பாடுகிறார்கள். க்ளைட் நடுங்கிப்போய் சி.டபிள்யூ.வைத் திட்டுகிறான். போனி பாட்டில் மூழ்கியிருக்கிறாள், சத்தம் போடாதே என்கிறாள். ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. மூன்றே நிமிடத்தில் நம்மை எங்கிருந்து எங்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜீன் வைல்டர் வரும் பகுதி எதற்கு? கதைக்குத் தேவையே இல்லையே?

எனக்கு அதுதான் படத்தின் அச்சாணி. கும்பல் ஒரு ஜோடியின் காரைத் திருடுகிறது. பிறகு அந்த ஜோடியையே உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்து ஹாம்பர்கர் சாப்பிடுகிறார்கள், கதை பேசுகிறார்கள், புதியவர்களும் பயம் விட்டுச் சிரிக்கிறார்கள். உங்களுக்கு என்ன வேலை என்று சாதாரணமாக ஒரு கேள்வி வருகிறது. பிணம் அடக்கம் செய்து கொடுக்கிற தொழில் என்கிறான் வைல்டர் நடித்த அந்த ஆள்.

போனியின் முகத்தைக் கவனியுங்கள். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. "இவர்களை இறக்கிவிடு" என்கிறாள். இருட்டுச் சாலையில் அந்த ஜோடி தனியாக நிற்க, கார் போய்விடுகிறது. இதன்பிறகு படம் பழைய கும்மாளத்துக்குத் திரும்பவே இல்லை.

அடுத்து அவள் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று காய்ந்த வயலுக்குள் ஓடுகிறாள், க்ளைட் துரத்துகிறான். அப்போது ஒரு மேகத்தின் நிழல் வயல் முழுக்க மெல்ல நகர்ந்து அவர்களைத் தாண்டிப் போகும். செட்டும் இல்லை, தந்திரமும் இல்லை. வானம் தானாகக் கொடுத்தது, கேமரா அதை விடாமல் பிடித்துக்கொண்டது.

போனியின் அம்மாவைச் சந்திக்கும் காட்சி ஏன் மங்கலாக இருக்கிறது?

லென்ஸுக்கு முன்னால் மறைப்புப் போட்டு, பழைய போட்டோவைப் போல வேண்டுமென்றே எடுத்தது. அம்மாவாக வருபவர் தொழில்முறை நடிகையே அல்ல, படப்பிடிப்பு நடந்த டெக்சஸ் பகுதியைச் சேர்ந்த ஆசிரியை. சீக்கிரம் எல்லாவற்றையும் விட்டுவிடுவோம், உங்களிடமிருந்து மூன்று மைல் தூரத்தில் வீடு பார்த்துக் குடியிருப்போம் என்று க்ளைட் அளக்கிறான். என்னிடமிருந்து மூன்று மைலில் இருந்தால் உயிரோடு இருக்க மாட்டீர்கள், ஓடிக்கொண்டே இருங்கள் என்கிறார் அந்தத் தாய். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. பெற்ற மகளுக்கு விடைகொடுக்கிற அம்மா எந்த ஊரிலும் இப்படித்தான் பேசுவாள் என்று தோன்றும்.

கடைசிக் காட்சியை எப்படி எடுத்தார்கள்?

நான்கு கேமராக்கள், நான்கும் வெவ்வேறு வேகத்தில். நடிகர்களின் உடையிலும் காரிலும் சின்னச் சின்ன வெடிகளும் ரத்தப் பொட்டலங்களும் கம்பி இணைத்துப் பொருத்தப்பட்டன. எடிட்டர் டீடீ ஆலன் வேகமான துண்டுகளையும் மெதுவான துண்டுகளையும் மாற்றி மாற்றிக் கோர்த்தார். அதனால்தான் உடல்கள் ஒரே சமயத்தில் துள்ளுவது போலவும் நீரில் மிதப்பது போலவும் தெரிகின்றன. மொத்தச் சூடும் ஒரு நிமிடம்கூட இல்லை.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது சூட்டுக்கு முந்தைய சில விநாடிகளை. க்ளைடின் கறுப்புக் கண்ணாடியில் ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. இருவரும் ஒரு பழத்தை மாற்றி மாற்றிக் கடித்தபடி வருகிறார்கள். வழியில் சி.டபிள்யூ.வின் அப்பா லாரியோடு நிற்கிறார். க்ளைட் உதவ இறங்குகிறான். புதரிலிருந்து பறவைகள் குபீரென்று பறக்கின்றன. ஒரு கணம் மௌனம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், எல்லாம் தெரிந்துவிட்ட பார்வை. அப்புறம்தான் குண்டு.

நிஜத்தில் லூசியானாவின் கிப்ஸ்லாண்ட் ஊர்ப் பக்கத்தில், காலை ஒன்பதேகால் மணி அளவில் நடந்தது. ஆறு அதிகாரிகள் புதரில் காத்திருந்தார்கள், ஏறக்குறைய 130 தோட்டாக்கள் சுட்டார்கள். இருவரும் காரைவிட்டு இறங்கவே இல்லை. பார்வை பரிமாறிக்கொள்ளவும் நேரம் இருந்திருக்காது. லாரியோடு ஓர் அப்பா நின்றது மட்டும் உண்மை, அவர் ஹென்றி மெத்வினின் தந்தை. மகனுக்கு மன்னிப்பு வாங்கித்தரச் செய்த ஏற்பாடு அது.

படம் வந்தபோது ஏன் அவ்வளவு திட்டு?

1967 ஆகஸ்டில் மாண்ட்ரியால் திரைப்பட விழாவில் முதலில் காட்டினார்கள், அதே மாதம் நியூயார்க்கில் வெளியானது. நியூயார்க் டைம்ஸின் பாஸ்லி க்ரௌதர் கிழித்துத் தொங்கவிட்டார், அதுவும் ஒரு தடவையோடு விடவில்லை. நியூஸ்வீக்கின் ஜோ மார்கன்ஸ்டர்னும் திட்டி எழுதினார். ஆனால் அவர் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே தன் விமர்சனம் தவறு என்று அதே பத்திரிகையில் எழுதினார். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். அக்டோபரில் விமர்சகர் பாலின் கேல் நியூயார்க்கர் பத்திரிகையில் பல பக்கங்களுக்குப் படத்தை ஆதரித்து எழுதினார். டிசம்பரில் டைம் பத்திரிகை அட்டையிலேயே போட்டது. க்ரௌதர் சில மாதங்களில் விமர்சகர் பொறுப்பிலிருந்து விலகினார்.

படத்தை வெளியிட்ட வார்னர் நிறுவனத்துக்கும் முதலில் நம்பிக்கை இல்லை. 1968-ல் மறுபடி வெளியிட்டபோதுதான் கூட்டம் குவிந்தது. சுமார் 25 லட்சம் டாலரில் எடுத்த படம், பல மடங்கு திருப்பிக் கொடுத்தது.

எத்தனை ஆஸ்கர்?

பத்துப் பரிந்துரை, இரண்டு விருது: துணை நடிகையாக எஸ்டெல் பார்சன்ஸ், ஒளிப்பதிவுக்கு பர்னட் கஃபி. முக்கிய நடிகர்கள் ஐந்து பேருமே பரிந்துரையில் இருந்தார்கள்.

போனியின் தொப்பி?

அதைப் பார்த்துத்தான் பெரே என்ற அந்தத் தட்டையான, மெத்தென்ற தொப்பி மறுபடி பெண்களிடையே மோஸ்தராகியது. உடை வடிவமைத்தவர் தியடோரா வான் ரங்கிள். அவருக்கும் இதுதான் முதல் படம், பரிந்துரையும் கிடைத்தது.

சரி, படம் குற்றவாளிகளைப் புகழ்கிறதா இல்லையா?

பாதி ஆமாம். அழகான இரண்டு நடிகர்களைப் போட்டு, பாஞ்சோ என்ற நரம்புக் கருவியின் துள்ளலான இசையையும் சேர்த்தால் மனசு அவர்கள் பக்கம் சாயத்தான் செய்யும். வங்கி வீட்டைப் பறித்துக்கொண்ட விவசாயியிடம் க்ளைட் துப்பாக்கியைக் கொடுத்து, வங்கி மாட்டிய பலகையைச் சுடச் சொல்லும் காட்சியில் யாருக்குத்தான் கைதட்டத் தோன்றாது? ஆனால் அந்தக் கைதட்டலுக்கு உண்டான விலையையும் படம் நம்மிடமே வாங்குகிறது. வங்கி ஊழியரின் முகத்தை மறைக்கவில்லை. பக் தலையில் குண்டோடு மண்ணில் ஊர்வதை மறைக்கவில்லை. அதற்கு முந்தைய ஹாலிவுட்டில் சுடப்பட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுத்தமாக விழுவான். துப்பாக்கி என்ன செய்யும் என்பதை இந்தப் படம் காட்டியது.

என் குறை வேறு. செத்த போலீஸ்காரர்களுக்குப் படத்தில் முகம் இல்லை. நிஜக் கும்பல் ஒன்பது காவலர்களைக் கொன்றதாகக் கணக்கு, பொதுமக்கள் தனி. 1934 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு அன்று டெக்சஸின் கிரேப்வைன் அருகே, சாலையோரம் நின்ற காருக்கு உதவி வேண்டுமோ என்று வண்டியைத் திருப்பிய இரண்டு ரோந்துக் காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருவரில் ஒருவர், எச்.டி. மர்ஃபி, வேலைக்குப் புதியவர், சில நாளில் கல்யாணம். அவரைக் கட்டிக்கொள்ள இருந்த பெண் கல்யாண உடையிலேயே இறுதிச் சடங்குக்கு வந்தார். மக்களின் அனுதாபம் போனி, க்ளைடிடமிருந்து விலகியது ஏறக்குறைய அந்த வாரத்தில்தான். இந்த ஒரு காட்சி படத்தில் இருந்திருந்தால் கடைசிச் சூட்டை நாம் வேறு மனநிலையில் பார்த்திருப்போம்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். ரத்தம் அதிகம், படுக்கையறைக் காட்சிகளும் உண்டு.

போனி எழுதிய பாட்டு நிஜமா?

நிஜம். தங்கள் கதையையும் வரப்போகும் சாவையும் தானே எழுதி அம்மாவிடம் கொடுத்துவைத்திருந்தார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் புதைப்பார்கள் என்று அதில் எழுதியிருந்தார். அவர் அம்மா சம்மதிக்கவில்லை. டல்லஸில் இருவரும் வெவ்வேறு கல்லறைத் தோட்டங்களில் கிடக்கிறார்கள். படத்தில் க்ளைட் அந்தப் பாட்டைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுக் குழந்தைபோலக் குதிப்பான், என்னைப் பற்றி எழுதிவிட்டாய் என்று.

குண்டு துளைத்த கார் என்ன ஆயிற்று?

கன்சாஸின் டொபீகாவில் ஒரு வீட்டு வாசலிலிருந்து திருடிய ஃபோர்டு வி8 அது. உரிமையாளர் போராடித் திரும்ப வாங்கினார். அப்புறம் பல கை மாறி, பல காலம் நெவாடா சூதாட்ட விடுதிகளில் காட்சிக்கு இருந்தது.

முதல் தடவை பார்க்கப் போகிறேன். எதையாவது கவனிக்க வேண்டுமா?

பெயர் ஓடும்போதே போனை ஓரம் வையுங்கள். இசை கிடையாது. இருட்டில் பழைய பழுப்புப் புகைப்படங்கள் ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொன்றுக்கும் கேமரா சொடுக்கும் சத்தம் மட்டும் கேட்கும். வெள்ளையாகத் தோன்றும் நடிகர் பெயர்களின் மேலேயே கண்ணை வைத்திருங்கள். மெல்லச் சிவப்பாகிவிடும்.